சந்தா வேண்டாம், கூடப் போங்கள்

கேள்வி:

மேடம், நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. மூன்று வருடம் முன்பு வியாசர்பாடியில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்திய குடிமைத் தலைமைப் பயிற்சியில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. மனு எழுதுவது, தகவல் உரிமைச் சட்டம், கவுன்சிலரின் வேலை என்ன, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் சந்துக்குத் தெருவிளக்கு வந்தது அதனால்தான். இப்போது அவர்களுக்கு நிதி நின்றுவிட்டது. பழைய மாணவர்களே சேர்ந்து நடத்தலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் மாதம் 500 ரூபாய் சந்தா போட்டோம். கொடுத்தவர்கள் பட்டியலைக் குழுவில் வெளியிட்டோம். பேர் இல்லாதவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள். துபாயில் வேலை செய்யும் ஒரு அண்ணன் பெரிய தொகை அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா? எங்கள் பேட்ச் தம்பி ஒருவர் கட்சியில் சேர்ந்துவிட்டார். மாநகராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறாராம், குழு தனக்கு ஆதரவு சொல்ல வேண்டும் என்கிறார். என்னை வகுப்பெடுக்கச் சொல்கிறார்கள், நான் பத்தாவதுதான். பணம் இல்லாதவர்கள் பயிற்சிக்கு எப்படித்தான் உதவுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பட்டியலைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்றைக்கே எடுங்கள். ஏலச்சீட்டுக் கட்டாதவர் பேரைத் தெருமுனையில் நின்று சொன்னால் அந்த வீட்டுக்காரர் பிறகு அந்தத் தெரு வழியாகவே நடக்க மாட்டார். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தீர்கள், கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள். ஆனால் வரவு செலவை வெளியிடுவது வேறு, கொடுக்காதவர் யார் என்று ஊருக்குக் காட்டுவது வேறு. லோடு வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் மாதா மாதம் 500 ரூபாய் என்பது பள்ளிக்கூட வேன் காசு, அல்லது கேஸ் சிலிண்டரில் பாதி.

வெளியேறியவர்களைத் திரும்பக் கூப்பிட வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள். வீட்டுக்கே போங்கள். பணத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "அன்னைக்கு நீ போட்ட மனு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பயிற்சி பெற்ற ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு மனு இருக்கும். பாதியில் நின்றுபோன மனுவாக இருந்தால் அன்றைக்கு அரை மணி நேரம் உங்களுக்குப் பேச்சு இருக்கும்.

நான் அந்தக் கேள்வியில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட பயிற்சிகளை வடிவமைப்பதும் முடிந்தபின் மதிப்பிடுவதும்தான் என் தொழில். நான் பார்த்த வரையில் வகுப்பில் யாரும் சோர்ந்துபோவதில்லை. வகுப்பில் நண்பர்கள் இருக்கிறார்கள், டீ இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்த முதல் ஆறு மாதத்தில்தான் ஆள் கழன்றுகொள்கிறார். முதல் தடவை வார்டு அலுவலகத்துக்குத் தனியாகப் போகிறார். "நாளைக்கு வாம்மா" என்கிறார்கள். மறுநாள் வேலைக்கு லீவு போட முடியாது. அதோடு முடிந்தது. நன்கொடையாளர்கள் வகுப்புக்குப் பணம் தருவார்கள், நோட்டுப் புத்தகத்துக்குத் தருவார்கள், பட்டமளிப்பு மேடைக்கும் தருவார்கள். அந்த ஆறு மாதத்துக்கு யாரும் தருவதில்லை. பழைய மாணவர்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான். அங்கே தேவைப்படுவது பணமல்ல, கூட வரும் ஓர் ஆள்.

கொடுங்கையூர்ப் பக்கம் ஒரு குடிநீர் வாரிய அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புதிதாகப் பயிற்சி முடித்த ஒரு பெண், தெருக் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்று மனு எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தத் தண்ணீரையே ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். கூட வந்தவர் முந்தைய பேட்ச் அக்கா. காலையில் இட்லிக் கடை போடுகிறவர். கவுன்டரில் இருந்தவர் பாட்டிலைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏஇ (உதவிப் பொறியாளர்) சைட்டுக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க." பெண் கவரை மடித்துவிட்டாள், திரும்பத் தயாராகிவிட்டாள். இட்லிக் கடை அக்கா குரலை உயர்த்தவில்லை. "சார் வரும்போது வரட்டும் சார். நாங்க தபால் பிரிவுல குடுத்துட்டுப் போறோம். ரெண்டாவது காப்பில சீல் வச்சு, தேதி போட்டுக் குடுத்துடுங்க" என்றார். சீல் விழுந்தது. "கையெழுத்தும் போட்டுடுங்க சார்." கையெழுத்தும் விழுந்தது. படியில் இறங்கும்போது அந்தப் பெண்ணிடம், "இந்தத் தாளைத் தொலைச்சிடாத. இனிமே இதைக் காட்டித்தான் பேசணும்" என்றார். அந்தத் தெருவில் குழாயைத் தோண்டிப் பார்க்க ஆட்கள் வருவதற்குள் இன்னும் பல நடை ஆயிற்று. ஆனால் அந்தப் பெண் விடவில்லை, ஏனென்றால் முதல் நாள் அவள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

இரண்டாவது காப்பியில் சீல் வாங்க வேண்டும் என்பது உங்கள் வகுப்பிலும் சொல்லித் தந்திருப்பார்கள். நோட்டில் எழுதியும் வைத்திருப்பீர்கள். கவுன்டர் முன்னால் நிற்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் வருகிறது.

ஆகவே நான் சொல்லும் முதல் ஏற்பாடு இது. அடுத்த பேட்ச் முடியும் நாளில் ஒவ்வொரு புது மாணவருக்கும் ஒரு பழைய மாணவரைக் கூடச் சேர்த்து விடுங்கள். ஆறு மாதத்துக்கு மட்டும். முடிந்தவரை ஒரே பகுதிக்காரர்களாக இருக்கட்டும். கொருக்குப்பேட்டைக்காரருக்கு எண்ணூர்க்காரரைப் போட்டால் பஸ் காசும் நேரமும்தான் போகும். வாரா வாரம் கூட்டம் வேண்டாம், அறிக்கை எழுத வேண்டாம். முதல் மனு கொடுக்கும்போது ஒரு தடவை, பதில் வராதபோது ஒரு தடவை, இரண்டு தடவை கூடப் போனாலே பெரிய விஷயம்.

அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரத்தில் உங்களுக்கு கம்பெனி. போனால் சம்பளம் பிடிப்பார்கள். இது உண்மையான சிக்கல், ஊக்கமூட்டும் பேச்சால் இது தீராது. பகலில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று பாருங்கள். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடித்து பத்து மணிக்கு வீட்டில் இருக்கிறவர், காலைக் கடை முடித்தவர். சந்தா கொடுக்க முடியாமல் வெளியேறியவர்களில் இவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பட்டியலில் பேர் இல்லாதவரிடம்தான் பயிற்சிக்கு மிக வேண்டிய பகல் நேரம் இருக்கிறது.

பகலில் வர முடியாத உங்களைப் போன்றவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது: தேதி பார்க்கும் வேலை. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பம் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது மழுப்பலாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரியாக வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. விண்ணப்பம் போடுகிறவர்கள் நிறைய. முப்பத்தோராவது நாள் எது என்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அதிகாரிகளுக்கும் அது தெரியும். ஒரு நாற்பது பக்க நோட்டில் பேர், விண்ணப்பத் தேதி, கெடு தேதி மூன்றையும் எழுதிவைத்து, கெடுவுக்கு முந்தின நாள் இரவு "நாளைக்குக் கெடு, அப்பீல் எழுதிட்டியா?" என்று போன் செய்யும் ஒருவர் இருந்தால் உங்கள் பயிற்சியின் பலன் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தபின், இரவு ஒன்பது மணிக்கு இதைச் செய்யலாம்.

ஏரியா சபைக்கும், அதாவது பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கும், இதே துணை வேண்டும். 2022-இல் வந்த விதிகளின்படி சென்னையில் ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஏரியா சபைகளும் உண்டு. ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நான்கு நாள்கள் அதற்குக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கிராம சபைக்கு இருக்கும் பழக்கம் நகரத்தில் இன்னும் வரவில்லை. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதே பல தெருக்களுக்குத் தெரிவதில்லை. ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் இடமும் நேரமும் கேட்டு, நோட்டீஸ் ஒட்டச் சொல்லி, அன்றைக்குப் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர் புது மாணவர்களோடு போய் உட்காருங்கள். பேச வேண்டியவர் புது மாணவர். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அவர் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கூட்டம் முடிந்ததும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் பழைய மாணவர்களிடம்தான் இருக்கிறது: எந்த வேலைக்கு எந்தக் கதவு என்ற அறிவு. வட சென்னையில் இது லேசான விஷயமில்லை. தெருவில் தண்ணீர் நின்றால் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடையும் குடிநீரும் குடிநீர் வாரியத்துடையது, பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையுடையது, ஹவுசிங் போர்டு என்று நாம் சொல்லும் குடியிருப்பின் உள்வேலை 2021-இல் பேர் மாற்றிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது. மணலியிலும் எண்ணூரிலும் கெட்ட நெடி வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மாநகராட்சியும் பல மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது, எல்லைத் தெருவில் இருப்பவரை இரண்டு மண்டலக்காரர்களும் மற்றவரிடம் அனுப்புவார்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்தால் புகார் எண் கிடைக்கும். அந்தப் புகாரை "முடிந்தது" என்று மூடிவிட்டால் அடுத்து யாரிடம் போவது என்பதை ஏற்கெனவே அலைந்தவர்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு பேட்ச்சும் கொடுத்த மனுக்களின் நகல், வந்த பதில், எந்த மேசையில் நின்றது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் வார்டு வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். உங்கள் தெருவிளக்கு மனுவும் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டது மூன்று மாதத்தில் காணாமல் போகும், போன் மாறினால் அன்றைக்கே போகும். ஃபைலாக இருந்தால் அடுத்த பேட்ச் முதல் வகுப்பிலேயே அதைப் பிரித்துப் படிக்கும்.

ஹால் வாடகை பெரிய செலவாக இருந்தால் ஹாலை விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்துப் பெரம்பூரில் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி அண்ட் சி மில் என்ற துணி ஆலைத் தொழிலாளர்களின் சங்கம். அதற்கு வேர் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய ஒரு பஜனை சபை. சமயச் சொற்பொழிவு கேட்க வந்த மில் தொழிலாளர்கள் அங்கேதான் தங்கள் வேலைக் கஷ்டத்தைப் பேசத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் பிறகு வந்தார்கள். செட்டியாரும் நாயுடுவும் வாடகைக்கு மண்டபம் தேடவில்லை, ஏற்கெனவே ஆட்கள் கூடுகிற இடத்தில் பேச்சை ஆரம்பித்தார்கள். உங்கள் பகுதியில் படிப்பகங்கள் இருக்கின்றன, ஃபுட்பால் கிளப் அறைகளும் கேரம் கிளப்களும் இருக்கின்றன, சர்ச் ஹால் இருக்கிறது, இரவுப் பள்ளி நடந்த இடங்கள் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகிகளில் உங்கள் பழைய மாணவர் ஒருவராவது இருப்பார், கேளுங்கள். ஒரு கட்சியின் கொடிக்கம்பம் வாசலில் இருக்கும் இடத்தை மட்டும் தவிருங்கள், மற்ற கட்சிக்காரர் வீட்டுப் பெண்கள் உள்ளே வர மாட்டார்கள்.

பணம் அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மனு ஜெராக்ஸ், ஸ்டாம்ப், ஷேர் ஆட்டோ, அரை நாள் கூலி விட்டு வருகிறவருக்கு ஒரு சாப்பாடு, இவற்றுக்குக் கொஞ்சம் வேண்டும். தொகை குறிக்காமல், முடிந்தவர் முடிந்தபோது போடட்டும். மாதக் கடைசியில் "இவ்வளவு வந்தது, இதற்குச் செலவானது, இவ்வளவு மீதி" என்று மட்டும் போடுங்கள், பேர் வேண்டாம். ரசீது கேட்பவருக்குத் தனியாகக் கொடுங்கள். பணத்தை யாருடைய சொந்த ஜிபேயிலும் வாங்காதீர்கள், உங்களுடையதிலும்கூட. அறக்கட்டளையின் வங்கிக் கணக்கிலேயே வரட்டும். அவர்களுக்கு நன்கொடை வரிச் சலுகைக்கான பதிவு (80ஜி என்பார்கள்) இருந்தால், பழைய வரி முறையில் வருமான வரி கட்டும் கொடையாளருக்குச் சலுகை உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. தனியாக ஒரு சங்கம் பதிவு செய்யலாமா என்ற யோசனையும் உங்கள் குழுவில் எப்படியும் வரும். ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம்தான். ஆனால் ஆண்டுதோறும் கணக்கும் படிவமும் தாக்கல் செய்ய ஒருவர் பொறுமையாக உட்கார வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

துபாய் அண்ணன் விஷயம். அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் கம்பெனி கொடுக்கிறது என்றாலும் அப்படியே. பாஸ்போர்ட் நகலை வாங்கி அறக்கட்டளையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உண்டியல் முறையில் ஆள் மூலம் அனுப்புகிறேன் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், 2020-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, வெளிநாட்டு நிதி பெறும் பெரிய நிறுவனங்கள் அதைச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடை செய்துவிட்டார்கள். உங்கள் அறக்கட்டளைக்கு நிதி நின்றதற்குக் காரணம் அதுதானா என்று அவர்களிடமே கேளுங்கள். பழைய மாணவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது, கணக்கைத் திறந்து காட்டினால் குழுவில் நம்பிக்கையும் திரும்பும்.

தேர்தலில் நிற்கும் தம்பியை வாழ்த்துங்கள். குடிமைத் தலைமைப் பயிற்சி பெற்றவர் கவுன்சிலராக ஆசைப்படுவதில் தவறே இல்லை. பயிற்சி அதற்கும்தான். 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது, இந்த நெருக்கடி இனிக் கூடத்தான் செய்யும். குழு யாருக்கும் ஆதரவு சொல்லக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். அவருக்காக வேலை செய்ய விரும்புகிறவர் தனியாளாகப் போய்ச் செய்யட்டும். குழுவின் போன் நம்பர்கள், பயிற்சியின் பேர், பட்டமளிப்பு போட்டோ, இவை நோட்டீஸில் வரக் கூடாது. அவர் குழுவில் அட்மினாகவோ பணப் பொறுப்பிலோ இருந்தால் இப்போதே வேறொருவரிடம் ஒப்படைக்கட்டும். கோபப்படுவார். "தம்பி, நாளைக்கு இதே குழுவில இருந்து வேற கட்சியில ஒருத்தர் உனக்கு எதிரா நின்னா என்ன பண்றது?" என்று கேளுங்கள், புரிந்துகொள்வார். வட சென்னை வார்டுகளில் உங்கள் ஆட்கள் எல்லாக் கட்சி வீடுகளிலும் இருக்கிறார்கள். குழு ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த பேட்ச்சுக்கு மற்ற வீடுகளிலிருந்து விண்ணப்பமே வராது. அவர் ஜெயித்தால், புது மாணவர்கள் அவரிடமும் சீல் கேட்டு வாங்கும் மனுவோடுதான் போக வேண்டும்.

வகுப்பெடுக்கத் தயங்குகிறீர்கள், பத்தாவதுதான் என்கிறீர்கள். சட்டப் பிரிவுகளைப் பயிற்சியாளர் சொல்லட்டும். நீங்கள் தெருவிளக்கு மனுவை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் தடவை எழுதியது, யாரிடம் கொடுத்தீர்கள், என்ன சொல்லித் திருப்பினார்கள், இரண்டாவது தடவை எதை மாற்றி எழுதினீர்கள், கம்ப எண்ணை எப்போது குறித்தீர்கள், கையெழுத்துப் போட மறுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன பேசினீர்கள், விளக்கு எரிந்த அன்று யார் யார் வந்து பார்த்தார்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். மனுவின் நகலை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுங்கள், படித்துக் குறை சொல்லச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதாமல் போகும். அன்று வகுப்பு முடிந்ததும், யார் எந்த மனுவோடு எந்த அலுவலகத்துக்குப் போகப் போகிறார்கள், கூட யார் போகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள், மேற்கொண்டு யோசிக்கலாம்.